வாழவந்தி வாசக்கால் கம்பெனிக்குப் போன விவரம்

ஏற்காடு,
4-1-1999.

பம்பாயில் மகன் வீட்டில் பேரனைக் கொஞ்சிக்கொண்டு சௌக்கியமாக இருக்கும் வாழவந்தி மச்சான் அங்கப்பன் அவர்களுக்கு, தங்கள் தங்கச்சி வீட்டுக்காரன் நல்லமுத்து இரு கையும் கூப்பி எழுதிக்கொண்டது.

இங்கு நான் நலம். தங்கள் தங்கை பாவாயியும் நலம், ஆனால் பத்து நாளாக என்னோடு சரியாகப் பேசுவதில்லை. தங்கள் மாடுகள் இரண்டும் நலம், மிளகுக்கொடி நலம், புது வீட்டுக்குப் போட்டுவைத்த அஸ்திவாரம் மழையில் கரையாமல் நலம். அந்த வீட்டுக்கென்று தாங்கள் பலாமரம் அறுத்து, ஆறு மாசம் காயவைத்து, தாமரையும் கிளியும் செதுக்க வைத்து, கொட்டகையில் சாக்குப் போட்டு மூடிவிட்டுப் போன வாசக்காலும் நலம், பக்கத்தில் அடுக்கிவைத்த ஆறு சன்னலும் நலம். தை பன்னிரண்டாம் தேதி அதை நட்டு வைக்கத் தாங்கள் நாள் குறித்திருப்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த வாசக்காலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். முழுவதையும் படித்துவிட்டுப் பிறகு கோபப்படும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் கம்பெனியைப் பற்றித் தங்களுக்குத் தெரியும். மோட்டார் பம்பு, பிஸ்கட், டயர் என்று எதை எடுத்தாலும் செய்கிற பெரிய கம்பெனி. நாகலூர் ரோட்டு பங்களாவை வாங்கும்போது அங்கே எஸ்டேட் ரைட்டராக இருந்த என்னையும் காபிச் செடிகளோடு சேர்த்து வாங்கிக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் குளிர்ச்சியான இடத்தில் இருந்தால்தான் நல்லதென்று யாரோ சேர்மனிடம் சொல்ல, மெட்ராசில் இருந்த அத்தனை கம்ப்யூட்டரையும் அறுபது ஆட்களையும் மலையேற்றி அந்த பங்களாவில் ஐந்து ரூமில் அடைத்தார்கள். இந்த அறுபது பேருக்கும் டெவலப்பர் என்று பெயர். போட்டோ கழுவுகிறவர்களும் இல்லை, மனை பிரித்து விற்கிறவர்களும் இல்லை, கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லிக் கொடுக்கிறவர்கள். நான் இப்போது அங்கே ஆபீஸ் சூப்பரின்டெண்ட். தண்ணீர், கரண்டு, டீ, குரங்கு, இந்த நாலும் என் பொறுப்பு. ஐந்து ரூமில் ஒரு ரூம்காரர் என்ன செய்கிறார் என்று அடுத்த ரூம்காரருக்குத் தெரியாது. எஸ்டேட்டில் இப்படி இருந்திருந்தால் ஒரே செடிக்கு மூன்று பேர் உரம் வைத்துவிட்டு நாலாவது செடியைக் காயவிட்டிருப்பார்கள். ஆனால் படித்தவர்கள் விஷயம், நான் வாய் திறக்கவில்லை.

டிசம்பர் எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை மெட்ராசில் இருந்து ஒரு ஃபேக்ஸ் வந்தது. மேனேஜர் அண்ணாதுரை சார் மூன்று வாரப் பயிற்சிக்கு பெங்களூர் போயிருந்தார். போகும்போது, ஏதாவது வந்தால் நீங்களே பார்த்துச் செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த வார்த்தைதான் என்னைக் கெடுத்தது மச்சான். ஃபேக்ஸ் முழுக்க இங்கிலீஷ். முப்பது வருஷம் துரைமார்களுக்கு ஆள் கணக்கு மஸ்டர் எழுதிய எனக்கு இங்கிலீஷ் என்ன புதிதா. இன்டர்னல் டெவலப்பர் போர்ட்டல் ஒன்று இருபத்தெட்டாம் தேதிக்குள் ரெடியாக வேண்டும், டெவலப்பர்கள் எல்லாரும் தினமும் காலையில் முதலில் அதன் வழியாகத்தான் போக வேண்டும், வேறு வழியே இருக்கக் கூடாது, சேர்மன் நேரில் வந்து திறந்துவைப்பார், அன்றைக்கு ரெடியாக இல்லையென்றால் ஏற்காடு ஆபீசையே மூடி எல்லாவற்றையும் மெட்ராசுக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று எழுதியிருந்தது. டிக்ஷனரியை எடுத்துப் பார்த்தேன். போர்ட்டல் என்றால் பெரிய வாசல், வேலைப்பாடு உள்ள நுழைவாயில் என்று போட்டிருந்தது. இன்டர்னல் என்றால் உள்ளே. டெவலப்பர்களுக்கு ஆபீசுக்கு உள்ளே ஒரு வேலைப்பாடான வாசல். இதில் தப்பாகப் புரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று தாங்களே சொல்லுங்கள்.

அப்போதும் நான் அவசரப்படவில்லை. மெட்ராஸ் ஆபீசில் இதற்கென்று நியமித்திருக்கிற ராஜேந்திரன் என்கிற பையனுக்கு டிரங்க் கால் போட்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். போர்ட்டலில் என்னென்ன இருக்க வேண்டும் தம்பி என்றேன். போர்ட்டல் வழியாகப் போகிறவர்களுக்கு நல்ல பாதை ஒன்று போட்டுக் கொடுத்துவிட வேண்டும், அவரவர் இஷ்டத்துக்குக் காட்டு வழியில் போகக் கூடாது என்றான். சரி என்று கடப்பாக் கல்லுக்குச் சொல்லிவிட்டேன். யார் என்ன செய்கிறார், எது யாருடையது, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்கிற பட்டியல் போர்ட்டலிலேயே தெரிய வேண்டும் என்றான். சரி, கரும்பலகை ஒன்று. கடைசியாக, எல்லாத்தையும் விட முக்கியம், முகப்பிலேயே பெருசா ஒரு சர்ச் இருக்கணுங்க சார், அது இல்லைன்னா யாரும் உள்ளயே வரமாட்டாங்க என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் தச்சர் லூர்துராஜிடம் போய்க் கேட்டேன். அவர், சர்ச் கட்டுறதுன்னா சேலத்துல பிஷப்கிட்ட அனுமதி வாங்கணுமுங்க, இருபது நாள்ல நடக்காதுங்க, வேணும்னா வாசலுக்கு மேல சர்ச்சு சன்னலாட்டம் ஒரு வளைவு வெச்சுரலாமுங்க என்றார். சேர்மன் எந்தச் சாமி கும்பிடுகிறவரோ, வளைவோடு நின்றால் யாருக்கும் சங்கடம் இல்லையென்று நானும் ஒத்துக்கொண்டேன். அந்தப் பையன் சொன்னது கம்ப்யூட்டரில் தேடுகிற சர்ச் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

ஆபீசிலேயே அறுபது பேர் இருக்கிறார்களே, அவர்களைக் கேட்டிருக்கலாமே என்று தாங்கள் நினைப்பீர்கள். கேட்டேன். போர்ட்டல் எங்கே வந்தால் நன்றாக இருக்கும் என்று முதல் ரூமில் கேட்டதற்கு, எல்லார் கண்ணிலும் முதலில் படுகிற இடத்தில் வரணும் சார் என்றார்கள். நடு ஹாலில் ரூம்களுக்குப் போகிற வழி முழுவதையும் பலகை அடித்து மறைத்து, நடுவில் வாசல் அளவுக்கு மட்டும் இடம் விட்டோம். லூர்துராஜ் உளியும் சுத்தியலுமாக ஒரு வாரம் வேலை செய்தார். ஒருத்தர் ஏன் எதற்கென்று கேட்கவில்லை. பிறகு விசாரித்தால், முதல் ரூம்காரர் இரண்டாவது ரூம்காரர் சொல்லித்தான் நடக்கிறது என்று நினைத்திருக்கிறார். இரண்டாவது ரூம்காரர் மூன்றாவது ரூமை நினைத்திருக்கிறார். ஐந்தாவது ரூம்காரர் குரங்கு வராமல் இருக்க அடைக்கிறார்கள் என்று நினைத்து எனக்கு நன்றி வேறு சொன்னார்.

இப்போது தங்கள் வாசக்கால் விஷயத்துக்கு வருகிறேன். பச்சை மரத்தில் செய்தால் சேர்மன் வருவதற்குள் முறுக்கிக்கொள்ளும், காய்ந்த மரம் இந்த மலையிலேயே இப்போது கிடையாது, வாழவந்தியில் உங்கள் மச்சான் கொட்டகையில்தான் ஒன்று தயாராக இருக்கிறது என்று லூர்துராஜ் சொன்னார். செதுக்கினவரே அவர்தானே, அளவு உள்பட ஒப்பித்தார். நான் முடியாது என்றேன். இரண்டு நாள் முடியாது என்றேன். மூன்றாவது நாள் கேன்டீனில் உட்கார்ந்து பார்த்தேன். டீ போடுகிறவர், கூட்டுகிறவர்கள், டிரைவர்கள் என்று வாழவந்தியிலும் நாகலூரிலும் இருந்து பதினாலு பேர் அந்த ஆபீசை நம்பிப் பிழைக்கிறார்கள். ஆபீசை மூடினால் அறுபது டெவலப்பர்களுக்கும் மெட்ராசில் நாற்காலி இருக்கும், இந்தப் பதினாலு பேருக்கு என்ன இருக்கும்? ஒரே ஒரு நாள், சேர்மன் வந்து போகும்வரை இரவல், அடுத்த நாள் கொண்டுபோய்ச் சாக்கைப் போட்டு மூடிவிட வேண்டியதுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, கொட்டகை ஒழுகுகிறதா பார்க்க வேண்டும் என்று பாவாயியிடம் சாவியை வாங்கினேன். பொய் சொன்னது தப்புத்தான். எஸ்டேட் டிராக்டரில் வைக்கோல் பரப்பி, கிளி மூக்கு உடையாமல் குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரிதான் கொண்டுவந்தோம் என்பதை மட்டும் தாங்கள் நம்ப வேண்டும்.

கொண்டுவந்த பிறகுதான் லூர்துராஜ், சிமென்ட் போட்டு நடாவிட்டால் சேர்மன் தலையில் விழும் என்றார். நடுவதென்றால் பூஜை வேண்டாமா? அதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. மார்கழியில் யார் வாசக்கால் வைப்பார்கள்? பூசாரி சின்னன் முதலில் வரவே மாட்டேன் என்றார். திறந்துவைக்கிறவர் இந்தத் தேதியில்தான் வருகிறார் என்று கெஞ்சியதும், மார்கழியெல்லாம் குடியிருக்கிற ஊட்டுக்குத்தானுங்க, ஆபீசுல யாரு குடியிருக்கறாங்க என்று அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். இருபத்துநாலாம் தேதி காலை பூஜை. மஞ்சள் குங்குமம் வைக்கச் சுமங்கலி வேண்டுமென்று சின்னன் சொல்ல, நான் புத்தி கெட்டுப்போய், ஆபீஸ் பூஜை, கிளம்பி வா என்று பாவாயிக்கே ஆள் அனுப்பிவிட்டேன். உங்க ஊட்டுல அண்ணன் வாசக்காலுக்குத் தங்கச்சி கையாலதான் முதல் மஞ்சள் என்கிற வழக்கம் எனக்கு அந்த நேரத்துல சுத்தமா மறந்துபோச்சு மச்சான். பட்டுச்சேலை கட்டி, கிண்ணத்துல மஞ்சளைக் கரைச்சு எடுத்துட்டு வந்தாள். வாசக்காலைப் பார்த்தாள். தாமரையைப் பார்த்தாள். கிளியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். குனிஞ்சு, அடியில இருந்து நுனிவரைக்கும் ஒரு இடம் விடாம மஞ்சள் பூசி, பொட்டு வெச்சு, விழுந்து கும்பிட்டுட்டு, பஸ் ஏறிப் போயிட்டாள். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போயிரலாம்னு இருந்தது.

சாயந்தரம் வீட்டுக்குப் போனால் அடுப்பு எரியவில்லை. அவளே கேட்டாள்.

"ஏனுங்க, அது எங்கண்ணன் ஊட்டு வாசக்காலுங்களா?"

நான் ஆமாம் என்றேன். பதினாலு பேர் பிழைப்பைச் சொன்னேன், ஒரே நாள்தான் என்றேன், மார்கழி கணக்கில் வராது என்று சின்னன் சொன்னதையும் சொன்னேன்.

"நான் மஞ்சப் பூசிட்டனுங்க. இனி அது நிக்கற எடந்தான் எங்கண்ணன் ஊடு. உங்க கம்பெனிக்காரங்ககிட்டச் சொல்லி வையுங்க, செருப்பை வெளியில உட்டுட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்குப் பட்டினி. மறுநாளில் இருந்து சோறு உண்டு, பேச்சு மட்டும் இல்லை.

இதற்கு நடுவில் கரும்பலகைப் பட்டியலுக்காக மஸ்டர் நோட்டை எடுத்துக்கொண்டு ஐந்து ரூமுக்கும் போனேன். என்ன வேலை, யார் மேஸ்திரி, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று ஒருத்தர் விடாமல் கேட்டு எழுதினேன். லீவுக் கணக்குப் போடுகிற புரோகிராம் ஒன்றையே மூன்று ரூமில் மூன்று பேர் தனித்தனியாக எட்டு மாசமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். பிஸ்கட் ஸ்டாக் பார்க்கிற புரோகிராமை எழுதினவர் அமெரிக்கா போய்விட்டாராம், அது தானாக ஓடுகிறதாம், யாரும் கிட்டேயே போவதில்லையாம். அதற்கு நேராக, உடையவர் இல்லை, தொட வேண்டாம் என்று சாக்பீசில் எழுதிவைத்தேன். வாசலுக்குப் பக்கத்தில் பலகையை மாட்டின அன்றைக்கே கூட்டம் கூடிவிட்டது. லீவுக் கணக்குக்காரர்கள் மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு, பிறகு ஒன்றாக டீ குடிக்கப் போனார்கள்.

இருபத்தெட்டாம் தேதி அடிவாரத்தில் இருந்து போன் வந்தது, கார் ஏறுகிறது என்று. சேர்மன், மேனேஜர் அண்ணாதுரை சார், மெட்ராஸ் ராஜேந்திரன் மூன்று பேரும் ஒரே காரில். மேனேஜர் முதலில் உள்ளே வந்தார். வாசலைப் பார்த்தார். கடப்பாக் கல்லைப் பார்த்தார். வளைவைப் பார்த்தார். இது என்னங்க நல்லமுத்து என்றார். போர்ட்டலுங்க என்றேன். ராஜேந்திரன் முகம் சுண்ணாம்பு அடித்தது போல ஆகிவிட்டது. காதோடு காதாக, சார், போர்ட்டல்ங்கிறது கம்ப்யூட்டருக்குள்ள வர்ற ஒரு பக்கம் சார், ஒயர்ல கோத்திருக்கிற எல்லாக் கம்ப்யூட்டர்லயும் காலையில அதைத் திறந்து, யார் என்ன புரோகிராம் வெச்சிருக்காங்கன்னு பார்த்துத் தெரிஞ்சுக்கிறது சார், அதை ரெடி பண்ணச் சொல்லி மேனேஜருக்கு அனுப்பின ஃபேக்ஸ் சார் அது என்றான். அந்த நிமிஷம் நான் பட்ட அவமானத்தை எழுத முடியாது மச்சான். முப்பது வருஷ இங்கிலீஷ் ஒரு நிமிஷத்தில் போய்விட்டது. அதைவிட, பதினாலு பேர் சோறும் போச்சு, உங்க வாசக்காலும் போச்சு, பாவாயியும் போச்சு என்றுதான் நினைத்தேன்.

அதற்குள் சேர்மன் வந்துவிட்டார். எழுபத்தைந்து வயசு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த தலைசுற்றலில் கண்ணை மூடிக்கொண்டு, கையால் துழாவிக்கொண்டு வந்தவர், நேராக வந்து தங்கள் வாசக்காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து மேலும் கீழும் பார்த்தார். எட்டு மாசமா போர்ட்டல் போர்ட்டல்னு காகிதத்துல படம் போட்டுக் காட்டிக்கிட்டிருக்கீங்க, இன்னிக்குத்தான்ய்யா கையில பிடிக்கறாப்பல ஒண்ணு செஞ்சிருக்கீங்க, நல்ல தேக்கு என்றார். பலாவுங்க என்றேன். கரும்பலகையைப் படித்தார். லீவுக் கணக்கு ஏன் மூணு எடத்துல நடக்குது என்று கேட்டார். இப்ப ஒரே எடத்துல நடக்குதுங்க என்றேன், அது உண்மைதானே. ரிப்பனை வெட்டி, அந்தப் பக்கம் போய், மறுபடி இந்தப் பக்கம் வந்து, ஏற்காடு ஆபீஸ் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். போர்ட்டல் என்றால் வாசல் இல்லை என்று அவரிடம் சொல்ல ராஜேந்திரனுக்குத் தைரியம் வரவில்லை. தன் பெயர் போட்ட பித்தளைத் தகடு ஒன்றைச் சேர்மன் பெட்டியிலேயே கொண்டுவந்திருந்தார். அதை எட்டு ஸ்குரூ போட்டு வாசக்கால் நெற்றியில் மாட்டச் சொன்னார். ராஜேந்திரன் மட்டும் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மஸ்டர் நோட்டைக் கேட்டான். எட்டு மாசமாக அவனுக்கு ஒரு ரூமில்கூடப் பதில் சொல்லவில்லையாம். இப்போது என் நோட்டைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறான். பிஸ்கட் புரோகிராமுக்கு நேராக, தொட வேண்டாம் என்பதையும் அப்படியே ஏற்றியிருக்கிறான்.

ஆபீஸ் பிழைத்தது. ஆனால் தகடு ஏறிய வாசக்காலை எப்படி எடுப்பது? லூர்துராஜ் சில்வர் ஓக் மரத்தில் அதே மாதிரி ஒன்று செய்து, அதே நிறம் அடித்து, நேற்று ஞாயிற்றுக்கிழமை ஆபீசில் யாரும் இல்லாத நேரம் மாற்றிவிட்டோம். தங்கள் வாசக்கால் கொட்டகைக்கு வந்து சேர்ந்துவிட்டது. பாவாயி போய்ப் பார்த்துத் தொட்டுக் கும்பிட்டாள். இன்று காலை, குளிக்கத் தண்ணி காஞ்சிருச்சு என்று ஒரு வார்த்தை என்னைப் பார்த்துச் சொன்னாள். சிமென்டில் இருந்து எடுக்கும்போது அடியில் இரண்டு அங்குலம் அறுக்க வேண்டியதாகிவிட்டது. தாங்கள் கொஞ்சம் குனிந்து போனால் பணிவு என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். நெற்றியில் எட்டு ஸ்குரூ ஓட்டை இருக்கிறது, மாவிலைத் தோரணம் கட்டினால் தெரியாது. இனி எந்த ஃபேக்ஸையும் தனியாகப் படிக்க மாட்டேன் என்றும், தங்கள் கொட்டகையில் இருந்து ஒரு சிராய்த் துண்டைக்கூட எடுக்க மாட்டேன் என்றும் நம் மலைச்சாமி சேர்வராயர் மேல் சத்தியம் செய்கிறேன். சொல்லாமல் இருந்திருந்தால் தங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

தங்கள் வீட்டில் அக்காவுக்கும் தங்கள் மருமகளுக்கும் என் வணக்கமும் ஆசியும். பேரனுக்கு நூறு வயசு. பொங்கல் முடிந்து தாங்கள் நல்லபடியாக ரயிலேறி வந்து, குறித்த நாளில் வாசக்கால் வைத்து, மலையே பார்க்கிற மாதிரி வீடு நிமிர வேண்டும்.

இப்படிக்கு,
மன்னிப்பை எதிர்பார்க்கும்
நல்லமுத்து

பி.கு. (11-1-99): தபாலில் சேர்க்கும் முன்னால் இன்னொரு ஃபேக்ஸ் வந்துவிட்டது. எல்லா ரூமிலும் விண்டோஸ் பழசாகிவிட்டது, உடனே மாற்றவும், ஞாயிற்றுக்கிழமை சேர்மன் வருகிறார் என்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த முறை ஏமாறுவேனா? இது உங்க கம்ப்யூட்டர் சமாச்சாரம் தம்பி என்று பையன்களிடம் கொடுத்துவிட்டேன். அவர்களும் இரண்டு நாள் வேலையை நிறுத்தி அறுபது கம்ப்யூட்டரிலும் எதையோ அழித்து எதையோ ஏற்றினார்கள். வெள்ளிக்கிழமை மேனேஜர் கேட்டார், சன்னல் மாத்தியாச்சுங்களா, போன தடவை குளிர்காத்துல சேர்மனுக்குச் சளி புடிச்சுருச்சுங்களே என்று. காய்ந்த மரத்தில் ஆறு சன்னல் இந்த மலையில் எங்கே இருக்கிறது என்று தங்களுக்கே தெரியும். சனிக்கிழமை ஏற்றிக்கொண்டு வந்து மாட்டிவிட்டோம். நேற்று சேர்மன் வந்து சன்னலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு தலைசுற்றலில் வாசக்காலைப் பிடித்தவர், தட்டிப் பார்த்து, சத்தம் மாறியிருக்கே, இது என் வாசல் இல்லையே என்றார். அதனால் அதையும் மறுபடி கொண்டுவந்து வைக்க வேண்டியதாகிவிட்டது. ஆகவே தாங்கள் ஊருக்கு வந்ததும் நேராக வாழவந்திக்குப் போக வேண்டாம் மச்சான். நாகலூர் ரோட்டிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, ஆபீசுக்கு வாங்க. உங்க ஊட்டைப் பார்க்க இப்போதைக்கு அதுதான் வசதி.